ரிங்லெட்டில் வாங்கிய சுடுநீர் ஹீட்டர்: சிறுநீரகம் பலவீனமானவர் இருக்கும் வீட்டுக்கு

கேமரன் மலையில், ரிங்லெட் டவுன் கடை வரிசையில் உள்ள மின்சாமான் கடை ஒன்றில் என் அக்காவுக்காகச் சுடுநீர் ஹீட்டர் வாங்கினோம். தண்ணீர் ஓடும்போதே சூடாக்குகிற வகை, 3.6 கிலோவாட், உள்ளேயே சின்னப் பம்பு வைத்தது. மாட்டும் கூலி, தனி வயர், பாதுகாப்பு சுவிட்ச் எல்லாம் சேர்த்து எண்ணூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) பக்கம் வந்தது. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். கடைக்குத் தனியாகக் கொடுக்கச் சொன்னால் ஐந்தும் கொடுப்பேன், பொருளில்தான் ஒரு குறை இருக்கிறது.

நான் அரசாங்க கிளினிக்கில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இந்தப் பக்கம் இன்னும் எல்லாரும் ‘மிஸி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அக்கா தேயிலைத் தோட்டத்திலேயே காலத்தைக் கழித்தவர். கையால் கொழுந்து கிள்ளிய காலத்தில் தொடங்கி, கத்தரிக்கோல் வந்து, இயந்திரம் வந்து, அதுவரைக்கும் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, விடியற்காலையில் போய் நின்றவர். இப்போது எழுபதை நெருங்குகிறார். இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) பல வருடமாக இருக்கிறது, பிரஷரும் சேர்ந்துகொண்டது, இப்போது சிறுநீரகம் மூன்றாம் நிலை என்று டாக்டர் எழுதியிருக்கிறார். மூன்றாம் நிலை என்றால் சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 30 மில்லிலிட்டருக்கும் 59 மில்லிலிட்டருக்கும் இடையில். டயாலிசிஸ் வரை போகவேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் இருக்கிறதைக் காப்பாற்றவேண்டிய இடம்.

ஹீட்டர் வாங்கலாம் என்று நான் சொன்னபோது வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. “குளிர்லயே பொறந்து வளர்ந்த ஒடம்பு பாப்பா, எனக்கெதுக்கு இதெல்லாம்?” என்றார் அக்கா. மருமகன் கரண்ட் பில்லைக் கணக்குப் போட்டார். ஹீட்டர் என்பது ஹோட்டல்காரனுக்கும் சுற்றுலாக்காரனுக்கும் உரிய சொகுசு என்கிற எண்ணம் எங்கள் மலையில் இன்னும் இருக்கிறது. அந்த எண்ணத்துக்குப் பதிலாகத்தான் இந்த மதிப்புரையை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வெறும் ஹீட்டர் விவரம் மட்டும் வேண்டுமென்றால் நடுவில் கொஞ்சம் தாண்டிப் போய்விடலாம்.

கேமரன் மலைக் குளிரைக் கீழே இருப்பவர்கள் ஸ்வெட்டர் போட்டுப் படம் எடுக்கிற குளிர் என்று நினைக்கிறார்கள். ரிங்லெட் கடல் மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அதே மலையில் மேலே உள்ள தானா ராத்தா டவுன் அதைவிட உயரம். மலேசியாவிலேயே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை, 7.8 பாகை, 1978 பிப்ரவரியில் இந்த மலையில்தான் பதிவானது. அது அபூர்வம். சாதாரண நாளில் விடியற்காலை 16, 17 பாகை இருக்கும். காற்று அந்த அளவுக்குக் குளிர்ந்தால் ஒரு போர்வையில் சமாளிக்கலாம். ஆனால் அதே 17 பாகைத் தண்ணீரைத் தலையில் ஊற்றுவது வேறு விஷயம். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துவிடும். அக்கா வீட்டில் கூரைத் தொட்டியில் ராத்திரி முழுக்கக் கிடந்த தண்ணீர்தான் குழாயில் வரும். நான் வெப்பமானியை வாளியில் வைத்துப் பார்த்தேன். 16.5 பாகை. அந்தத் தண்ணீரில் விடியற்காலை ஐந்தரைக்குக் குளித்து, சாமி விளக்கேற்றி, அதற்குப் பிறகுதான் மாத்திரை போடுவார். ராத்திரி போட்ட மாத்திரையின் வீரியம் குறைந்து, பிரஷர் தானாகவே ஏறுகிற நேரம் அது.

இப்போது சிறுநீரகத்துக்கு வருகிறேன். இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து சுமார் 300 கிராம்தான். உடல் எடையில் நூற்றில் அரைப் பங்கு. ஆனால் இதயம் ஒரு நிமிடத்தில் வெளியே தள்ளும் ஐந்து லிட்டர் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு லிட்டர் அளவுக்கு, அவற்றுக்குப் போகிறது. தன் எடைக்கு இவ்வளவு இரத்தம் வாங்குகிற உறுப்புகள் உடம்பில் மிகக் குறைவு. அந்த இரத்தம் முழுவதும் சிறுநீரகத்தின் சொந்தப் பசிக்கு இல்லை, வடிகட்டுவதற்கு. ஆகவே உடம்புக்கு ஒரு நெருக்கடி வந்தால், கொஞ்ச நேரம் இங்கே குறைத்துக்கொள்ளலாம் என்று நரம்பு மண்டலம் முடிவு செய்கிறது. இரத்தப்போக்கு, பயம், கடும் வலி, கடும் உழைப்பு, குளிர், எது வந்தாலும் கைவைக்கிற முதல் இடங்களில் சிறுநீரகமும் ஒன்று.

இதை அளந்து காட்ட வழி செய்தவர்களில் முக்கியமானவர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இருந்த ஹோமர் ஸ்மித். சிறுநீரகத்தின் வழியாக ஒரு தடவை போனாலே பெரும்பகுதி சிறுநீரில் இறங்கிவிடும் வேதிப்பொருள் ஒன்றை இரத்தத்தில் செலுத்தி, எவ்வளவு இறங்கியது என்று பார்த்து, எவ்வளவு இரத்தம் போயிருக்கும் என்று அவர் குழு கணக்கிட்டது. இப்போது வயிற்றின் மேல் டாப்ளர் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்தே சிறுநீரகத் தமனியில் ஓடும் வேகத்தை நொடிக்கு நொடி பார்க்கிறார்கள். குளிரின் விளைவைப் பார்க்க ஒரு பழைய சோதனை இருக்கிறது. கையைப் பனிக்கட்டித் தண்ணீரில் ஓரிரு நிமிடம் வைத்திருக்கச் சொல்வார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹைன்ஸ், பிரௌன் என்ற இருவர் 1932இல் இதை வரையறுத்து எழுதினார்கள். யாருக்குப் பிரஷர் அதிகம் எகிறுகிறது என்று பார்ப்பதுதான் அன்று நோக்கம். பின்னால் வந்தவர்கள் அதே சோதனையின்போது சிறுநீரகத்தையும் பார்த்தார்கள். பிரஷர் ஏறுகிறது. ஏறினால் சிறுநீரகத்துக்கும் கூடுதலாக இரத்தம் போகவேண்டும் என்றுதான் நாம் நினைப்போம். அப்படிப் போவதில்லை. சிறுநீரக நாளங்கள் தங்களை இறுக்கிக்கொண்டு தடையை ஏற்றிவிடுகின்றன. நனைந்தது ஒரு கை மட்டும்தான், ஆனாலும் முதுகுப் பக்கம் ஆழத்தில் இருக்கிற உறுப்பு பதில் சொல்லிவிடுகிறது.

அந்த இறுக்கம் எப்படி நடக்கிறது என்பதை அக்காவுக்கு ஹீட்டரை வைத்தே சொன்னேன். சிறுநீரகத்துக்குள் ஒரு சல்லடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு உள்ளே வரும் குழாயில் ஒரு திருகு, வெளியே போகும் குழாயில் ஒரு திருகு. உள்திருகை இறுக்கினால் சல்லடைக்கு வரும் அழுத்தம் குறையும். வெளித்திருகை இறுக்கினால் சல்லடைக்குள் அழுத்தம் தேங்கும். குளிர் பட்டதும் தோலில் உள்ள உணர்நரம்புகள் மூளைக்குச் சொல்ல, மூளை சிம்பதெட்டிக் என்ற நெருக்கடி நரம்பு வழியாக, நாளங்களை இறுக்கும் நாரட்ரினலினை அவிழ்த்துவிடுகிறது. இரண்டு திருகும் இறுகும். கூடவே சிறுநீரகம் ரெனின் சுரக்கும், அதிலிருந்து ஆஞ்சியோடென்சின் உருவாகும், அது வெளித்திருகைச் சற்றுக் கூடவே இறுக்கும். இதனால் உள்ளே வரும் இரத்தம் குறைந்தாலும் வடிகட்டும் அளவு அதிகம் விழாமல் நிற்கிறது. இவ்வளவும் நாம் ஒரு குவளை தண்ணீரை ஊற்றி, மூச்சு வாங்கி, அடுத்த குவளையை எடுப்பதற்குள் தொடங்கிவிடும்.

நல்ல சிறுநீரகத்துக்கு இது ஒரு பாதிப்பும் இல்லை. இதை அழுத்தமாகவே சொல்கிறேன், ஏனென்றால் “பச்சத் தண்ணியில குளிச்சா கிட்னி போயிரும்” என்று பேசுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். போகாது. சராசரி இரத்த அழுத்தம் 80க்கும் 180க்கும் நடுவில் எங்கே போய் நின்றாலும், சிறுநீரகம் தன் நாளங்களை விரித்தும் சுருக்கியும் உள்ளே வரும் ஓட்டத்தை ஏறக்குறைய ஒரே அளவில் வைத்துக்கொள்ளும் திறன் கொண்டது. நாளச் சுவரின் தசையே அழுத்தம் ஏறுவதை உணர்ந்து இறுகுகிறது. சிறுநீர்க் குழலுக்குள் உப்பு எவ்வளவு வருகிறது என்று பார்த்துச் சேதி அனுப்புகிற இன்னோர் ஏற்பாடும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து சல்லடையைக் காக்கின்றன. தோட்டத்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக ஓடைத் தண்ணீரில் குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அக்கா போன்றவர்களின் கதை வேறு. இனிப்பு நீரும் நாள்பட்ட பிரஷரும் அந்தக் காக்கும் திறனையே அரித்துவிடுகின்றன. உள்திருகு சரியாக இறுகாது. அப்போது வெளியே ஏறுகிற அழுத்தம் நேராகச் சல்லடையில் போய் விழுகிறது. ஏற்கெனவே புரோட்டீன் ஒழுகிக்கொண்டிருக்கிற சல்லடை. இதனால்தான் டாக்டர்கள் பெரிண்டோபிரில் மாதிரி மாத்திரை கொடுக்கிறார்கள். அது வெளித்திருகைத் தளர்த்திச் சல்லடைக்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது. மாத்திரையைக் கொடுத்துவிட்டு, தினமும் விடியற்காலை குளிரால் பிரஷரை ஏற்றிவிடுவது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. ஹீட்டர் வாங்கவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தது இதற்காகத்தான்.

வீட்டில் இருக்கும் பிரஷர் மெஷினில் அளந்து பார்த்தோம். குளிர்ந்த தண்ணீரில் குளிப்பதற்கு முன் ஒரு நாள் 146/80. குளித்து, துடைத்து, நாற்காலியில் உட்கார்ந்ததும் 171/88. ஹீட்டர் வந்த பிறகு அதே நேரத்தில், அதே நாற்காலியில், குளித்த பின் 140களில் நிற்கிறது. இதை வைத்துச் சிறுநீரகம் பிழைத்துவிட்டது என்று யாரும் சொல்லக்கூடாது, நானும் சொல்லவில்லை. ஒரு மனுஷியின் கை, ஒரு மெஷின். அவருடைய சிறுநீரகத்துக்கு உண்மையில் என்ன ஆகிறது என்பதைக் கிளினிக் இரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும்தான் சொல்லவேண்டும். ஆனால் காலையில் அந்த எகிறல் இல்லை என்பது எனக்குப் போதுமான காரணம்.

இன்னொன்றும் மாறியிருக்கிறது. குளிர் பட்டால் அடிக்கடி ஒன்றுக்கு வரும் என்பது மலையில் எல்லாருக்கும் தெரியும். தோல் நாளங்கள் சுருங்கும்போது அங்கிருந்த இரத்தம் உடலின் நடுப்பகுதிக்கு வந்து சேர்கிறது. இரத்தம் கூடிவிட்டது என்று உடம்பு தவறாகக் கணக்கிட்டு, தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஹார்மோனைக் குறைத்துவிடுகிறது. சிறுநீர் பெருகுகிறது. அக்கா இதை இனிப்பு நீர் முற்றியதன் அடையாளம் என்று எண்ணிப் பயந்து, தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டிருந்தார். வெளியேறுவது கூட, உள்ளே போவது குறைய, இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் இன்னும் மெலிந்துவிடும். டாக்டர் தண்ணீரைக் கட்டுப்படுத்தச் சொல்லாதவரை வயதானவர்கள் குளிர் காலத்திலும் குடிக்கத்தான் வேண்டும். தாகம் எடுக்காது, நாம்தான் கொடுக்கவேண்டும்.

கடையைப் பற்றிச் சொல்கிறேன். கடைக்காரர் சீனர், எல்லாரும் தவுக்கே (முதலாளி) என்றுதான் கூப்பிடுவோம். வேலை செய்கிற தம்பி தமிழ்ப் பையன், பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன், சான்றிதழ் வாங்கிய வயர்மேன். நான் போய், “வீட்டுல கிட்னி வீக்கான ஆள் இருக்காங்க தம்பி, அவங்களுக்குத்தான்,” என்றதும் அவன் விலை அட்டையை எடுக்கவில்லை. “ஆன்ட்டி, தண்ணி எங்கிருந்து வருது? தொட்டி எவ்வளவு ஒசரத்துல இருக்கு? வீட்டு மெயின் போர்டு படம் இருக்கா?” என்று கேட்டான். எனக்கு அங்கேயே மனம் நிறைந்தது. தொட்டி குளியலறைக் கூரைக்கு ஒன்றரை மீட்டர் மேலேதான் இருக்கிறது என்றதும், பம்பு இல்லாத மாடல் ஓடாது, தண்ணீர் சொட்டும்போது உள்ளே இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச் சூடாக்குவதையே நிறுத்திவிடும் என்று விளக்கினான். இருநூறு வெள்ளி குறைவான மாடலை விற்றுவிட்டு மறுநாள் நாங்கள் கத்துவதைக் கேட்பதைவிட இது நல்லது என்று தவுக்கே மலாயில் சேர்ந்துகொண்டார்.

கேஸ் ஹீட்டர் விலை குறைவு என்று மருமகன் கேட்டபோது, குளியலறைக்குள் அதை மாட்டமாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். குளிர் உள்ளே வராமல் இருக்க இந்தப் பக்கம் குளியலறை ஜன்னலை எல்லாரும் அடைத்தே வைத்திருப்போம். அடைத்த அறையில் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு தேங்கும், நிறமும் இல்லை வாசமும் இல்லை, ஆளையே கொன்றுவிடும். விற்கிற இடத்தில் ஒரு பொருளை விற்க மறுக்கிறார்கள் என்றால் அந்தக் கடையை நான் நம்புவேன்.

மின்சாரப் பாதுகாப்பில் அவர்கள் காட்டிய கண்டிப்பையும் பாராட்டுகிறேன். 3.6 கிலோவாட் என்றால் 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சுவர் பிளக்கில் சொருகுகிற சாமான் இல்லை இது. மெயின் போர்டிலிருந்து தனி வயர் இழுத்து, தனி பிரேக்கர் வைத்து, மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 10 மில்லிஆம்பியர் சுவிட்ச் பொருத்தினான். வீட்டில் ஏற்கெனவே பொதுவான கசிவு சுவிட்ச் இருக்கிறதே என்றேன். ஈரக் குளியலறைக்கு அது போதாது, அதன் உணர்திறன் குறைவு என்று அட்டையில் உள்ள எண்ணைக் காட்டினான். சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்கச் சொல்லி அக்காவையே அழுத்தவும் வைத்தான். வேறொரு டவுனில் எங்கள் உறவினர் வீட்டில் இந்தச் சுவிட்ச் இல்லாமலேயே மாட்டிவிட்டுப் போன ஆட்களை எனக்குத் தெரியும். விலை கேட்கும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்கிறார்களா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஹீட்டரின் வேலையில் எனக்குத் திருப்தி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 3.6 கிலோவாட் சக்தி நிமிடத்துக்கு மூன்று லிட்டர் தண்ணீரை ஏறக்குறைய 17 பாகை சூடேற்றும். 16, 17 பாகையில் வரும் தண்ணீர் 33, 34இல் வெளியே வரும். கோலாலம்பூரில் இதே ஹீட்டரைப் பாதித் திருகில் வைத்தாலே கொதிக்கிறது என்பார்கள். அங்கே குழாய்த் தண்ணீரே 27, 28 பாகை. இங்கே முழுத் திருகில் வைத்து, தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துத் திறந்தால்தான் 37, 38 கிடைக்கும். மழை மாதிரி கொட்டும் குளியலை எதிர்பார்க்கிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். அவர்கள் தொட்டி வைத்த ஹீட்டருக்குப் போகலாம். அக்காவுக்கு இந்த அளவு போதும், நிம்மதியாகவே குளிக்கிறார். மருமகனின் பில் கவலைக்கும் பதில் இருக்கிறது: பத்து நிமிடக் குளியலுக்கு 0.6 யூனிட். அதற்கு மேல் இல்லை.

இனி அந்த ஒரு நட்சத்திரம். இந்த ஹீட்டரின் திருகில் பாகை எண் இல்லை. சிவப்புக் கோடு தடித்துக்கொண்டே போகிறது, அவ்வளவுதான். சர்க்கரையால் பாத நரம்பு மரத்துப் போனவர்களுக்கு இது ஆபத்து. அவர்களின் காலுக்குச் சூடு தெரியாது. தெரிகிற நேரத்தில் கொப்புளம் வந்திருக்கும், அது ஆறாத புண்ணாகவும் மாறிவிடும். 60 பாகைத் தண்ணீர் சில விநாடியில் தோலைப் பொசுக்கிவிடும். இந்த மாடல் அவ்வளவு போகாது, உள்ளே துண்டிப்பும் உண்டு. இருந்தாலும் வெயிலடித்த மதியம் தொட்டித் தண்ணீர் சூடேறி இருக்கும்போது காலையில் வைத்த அதே திருகில் திறந்தால் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. எண் காட்டும் திரை வைத்த மாடல் இருநூறு வெள்ளி கூட. இனிப்பு நீர் உள்ள வீடு என்றால் அந்த இருநூறைச் சேர்த்துப் போடுங்கள் என்பேன். நாங்கள் வெப்பமானியை வைத்து அளந்து, 38 பாகை வரும் இடத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்திருக்கிறோம். அக்கா முதலில் முழங்கையை நீட்டிப் பார்த்த பிறகுதான் உள்ளே போகவேண்டும் என்பது வீட்டுச் சட்டம்.

அளவுக்கு மீறிய சூடும் வேண்டாம். சுடு தண்ணீரில் தோல் நாளங்கள் விரிந்து பிரஷர் விழும். பிரஷர் மாத்திரை போடுகிறவர் நெடுநேரம் சூட்டில் நின்றுவிட்டு வெளியே வந்தால் தலை சுற்றிக் கீழே விழ வாய்ப்பு உண்டு. பிரஷர் அதிகம் விழுந்தாலும் சிறுநீரகத்துக்கு இரத்தம் குறையத்தான் செய்கிறது. உடம்புச் சூட்டை ஒட்டிய தண்ணீர், பத்து நிமிடம், வெளியே வந்ததும் உலர்ந்த துண்டு, காலுறை. இது போதும்.

குளிரைப் பற்றி மட்டும் பேசிவிட்டால் பாதிதான் சொன்னதாகும். கீழ்நாட்டில் செம்பனை வெட்டுகிற நம் ஆட்களுக்கு எதிரி வெப்பம். வெயிலில் கடும் உழைப்பு உழைக்கும்போது இரத்தம் தசைக்கும் தோலுக்கும் ஓடுகிறது, சிறுநீரகத்துக்குப் போகும் ஓட்டம் பாதிக்கும் கீழே இறங்கிவிடக்கூடும். வியர்வையில் நீரும் போய்விட்டால் அது இன்னும் இறங்கும். எல் சல்வடோரில் இனிப்பு நீரோ பிரஷரோ இல்லாத தொழிலாளர்களுக்குச் சிறுநீரகம் பழுதானதைப் பற்றி 2002இல் மருத்துவர்கள் எழுதினார்கள். கரும்பு வெட்டுகிறவர்களே இந்த நோயால் பெரிதும் பாதிக்கப்பட்டவர்கள். வெப்பமும் நீரிழப்பும் முக்கியக் காரணங்களாகப் பார்க்கப்படுகின்றன. இப்படி இரத்த ஓட்டம் குறையும் தருணத்தில் உள்திருகைத் திறந்து வைக்கப் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சிறுநீரகம் தானே சுரந்துகொள்கிறது. உடம்பு வலிக்கு நாம் கடையில் வாங்கி விழுங்குகிற மெஃபனாமிக் அமிலம், டைக்லோஃபெனாக், ஐபுபுரூஃபன் எல்லாம் அதையே தடுத்துவிடுகின்றன. குளிரில் மூட்டு வலி என்று அக்காவும் இவற்றில் ஒன்றைப் பையில் வைத்திருந்தார். நான் எடுத்துப் போட்டுவிட்டேன். வெதுவெதுப்பான தண்ணீர் வந்த பிறகு மூட்டு வலியும் கேட்கும்படியாக இல்லை. வலி மாத்திரையைக் குறைத்ததுதான் இந்த ஹீட்டர் சிறுநீரகத்துக்குச் செய்த பெரிய நன்மையாக இருக்கலாம் என்றும் எனக்குத் தோன்றுகிறது.

டயாலிசிஸ் செய்கிறவர்களின் குடும்பத்தார் சிலர் என்னிடம், அங்கே மெஷின் தண்ணீரைக் குளிர்ச்சியாக வைக்கிறார்களே, குளிர் கெடுதல் என்றால் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. டயாலிசிஸில் உடம்பிலிருந்து நீர் எடுக்கும்போது பிரஷர் திடீரென்று விழும் ஆபத்து இருக்கிறது. மெஷின் திரவத்தை உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம் குறைத்து வைத்தால் நாளங்கள் சுருங்கிப் பிரஷரைத் தாங்கிக்கொள்ளும். கனடாவின் ஒன்டாரியோவில் 84 மையங்களில், பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் இதை ஒப்பிட்டுப் பார்த்து 2022இல் வெளியிட்டார்கள். எல்லாருக்கும் திரவத்தைக் குளிர்ச்சியாக வைப்பதால் இதயப் பாதிப்போ இறப்போ குறையவில்லை, குளிர்கிறது என்று வருந்தியவர்கள்தான் கூடினார்கள். ஆகவே உங்கள் வீட்டுக்காரருக்கு அங்கே தாங்கமுடியாத குளிர் என்றால் தயங்காமல் அந்த மையத்து மிஸியிடம் சொல்லுங்கள். மெஷினை அவராகத் தொடவேண்டாம், சொன்னால் பார்ப்பார்கள்.

இவ்வளவும் எழுதக் காரணம் இன்னொன்று. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) சூடு தரும் இடுப்புப் பட்டையை ‘சிறுநீரகத்தைக் குணமாக்கும்’ என்று கூவி விற்கிறார்கள். அக்காவின் பக்கத்து வீட்டு அம்மா ஹீட்டர் விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்து ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். இடுப்புத் தோலைச் சூடாக்கினால் இதமாக இருக்கும், மறுக்கவில்லை. செத்துப்போன சல்லடை அதனால் திரும்பி வராது. அதை நம்பி மாத்திரையை நிறுத்தினால் பெரும் கேடு. எங்கள் ஹீட்டர் கடைத் தம்பி அப்படி எதுவும் சொல்லவில்லை. “இது கிட்னிக்கு மருந்து இல்ல ஆன்ட்டி. அவங்க குளிர்ல நடுங்காம குளிக்கலாம், அவ்வளவுதான்,” என்றான்.

வேலைச் சுத்தத்திலும் குறை சொல்ல இல்லை. சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தான், மேலே பிரிஞ்சாங்கில் வேலை இழுத்துவிட்டது என்று முன்கூட்டியே போன் பண்ணினான். பலகைச் சுவரில் நேராக ஆணி அடிக்காமல் குறுக்கே மரச்சட்டம் வைத்து அதன் மேல் மாட்டினான். தூசியைக் கூட்டிவிட்டுத்தான் போனான். பம்பு சத்தம் கொஞ்சம் இருக்கிறது, விடியற்காலையில் அடுத்த அறையில் தூங்குகிறவர்களுக்குக் கேட்கும். ஹீட்டருக்கு முன்னால் உள்ள சின்ன வடிகட்டி மலைத் தண்ணீர் மண்ணால் அடைத்துக்கொள்கிறது, பெருமழைக்குப் பிறகு கழற்றிக் கழுவவேண்டும். அதைக் கழற்ற ஒரு ஸ்பேனர் வேண்டும், பெட்டியில் வராது, தவுக்கேயிடம் கேட்டால் கொடுப்பார்.

நீங்களும் வாங்கப் போவதாக இருந்தால் மெயின் போர்டு, குளியலறைச் சுவர், தண்ணீர்த் தொட்டி மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். தோட்டத்து லயத்து வீடு என்றால் ஆபீசில் அனுமதிக் கடிதம் வாங்கிய பிறகுதான் வயர் இழுப்பார்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை மூடியிருக்கும், பள்ளி விடுமுறை நாட்களில் ரோடு நெரிசலால் மாட்டுவதற்கு வரத் தாமதம் ஆகும்.